பங்காளிக் காய்ச்சல்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எம்எஸ் படிக்கவோ வேலைக்கோ அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஊருக்கு ஆகஸ்ட் மாதம் வந்து இறங்கியிருக்கிறீர்களா? வீடு, வங்கிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண் இதற்கெல்லாம் சீனியர்கள் வழி சொல்லிவிடுவார்கள். ஃபுட்பாலுக்குச் சொல்ல மாட்டார்கள் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்). செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கக் கிளம்பினால் பாதிச் சாலைகள் மூடியிருக்கும். பஸ் வேறு வழியில் போகும். எதிர்வீட்டுத் தாத்தா தொப்பி முதல் காலுறை வரை ஒரே நிறத்தில் நின்று உங்களைப் பார்த்து ஏதோ கத்துவார். பதிலுக்கு என்ன கத்துவது என்று தெரியாமல் விழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்ட விதிகளைக் கற்க அரை மணி நேரம் போதும். ஆனால் விதி தெரிந்தவுடன் பிடித்துப் போகிற ஆட்டம் இல்லை இது. யாருக்கு யார் பங்காளி, எந்த வருஷத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டுப் பொருளை யார் எடுத்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பிடிபடும். தொழில்முறை என்எஃப்எல்லில் மொத்தமே 32 அணிகள். கல்லூரி ஃபுட்பாலில் மேல்மட்டத்தில் மட்டும் 130க்கும் மேல். அத்தனைக்கும் ஒரு பரம வைரியாவது உண்டு.

முதல் படி: அணியைத் தேடி அலையாதீர்கள்

நீங்கள் படிக்கிற கல்லூரியின் அணிதான் உங்கள் அணி. வேலைக்கு வந்தவர் என்றால் ஊர்க்காரர்களின் அணி. அவ்வளவுதான். எது ஜெயிக்கிறது என்று பார்த்து அலபாமாவையோ ஒஹையோ ஸ்டேட்டையோ பிடித்துக்கொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள், மதிக்கவும் மாட்டார்கள். நோட்டர் டேம் இன்னும் மோசமான யோசனை. எந்தக் கூட்டணியிலும் சேராமல், 1991 முதல் என்பிசி தொலைக்காட்சியோடு தனி ஒப்பந்தம் வைத்துக்கொண்டு ஜமீன்தார் தோரணையில் இருக்கும் அணி அது. நாடு முழுக்க ரசிகர்கள் உண்டு. அதைவிட அதிகமாக, அது தோற்கிறதா என்று பார்ப்பதற்காகவே டிவி போடுகிறவர்கள் உண்டு.

நான் பர்டூ பல்கலைக்கழகத்து ஆள். இந்தியானா மாநிலம், வெஸ்ட் லஃபாயெட். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். நிலாவுக்கு ஆள் அனுப்பிவிட்டோம், சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபுக்கு இன்னும் அணியை அனுப்ப முடியவில்லை. அணியின் பெயர் பாய்லர்மேக்கர்ஸ். 1891ல் எங்களிடம் உதை வாங்கிய வாபாஷ் கல்லூரியின் ஊர்ப் பத்திரிகை, கொதிகலன் செய்கிற முரடர்களைக் கூட்டிவந்து ஆடுகிறார்கள் என்ற பாணியில் திட்டியது. திட்டு நன்றாக இருக்கிறதே என்று அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். எங்கள் மனநிலை புரிய இது போதும். 2018ல் தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை 49-20 என்று சாய்த்தோம். 2021ல் இரண்டாம் இடத்து அயோவா, மூன்றாம் இடத்து மிச்சிகன் ஸ்டேட் இரண்டையும் கவிழ்த்தோம். 2024ல் பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொன்று தோற்றோம். பெரிய இடத்துக் கல்யாணத்தைக் கெடுக்கத் தெரியும், சொந்தக் கல்யாணம் நடத்தத் தெரியாது.

இரண்டாம் படி: விதிகள், வேகமாக

மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் நகர நான்கு வாய்ப்பு. நகர்ந்துவிட்டால் மறுபடி நான்கு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அதனால் நான்காவது வாய்ப்பில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள், அல்லது கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள். எதிரணிப் பக்கக் கடைசி எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, மறுபடி ஓடியோ எறிந்தோ எல்லைக்குள் போனால் 2.

கடிகாரத்தில் 60 நிமிடம், நிஜத்தில் மூன்றரை மணி நேரம். இடைவேளை 20 நிமிடம். அப்போது பாத்ரூமுக்கு ஓடாதீர்கள், பேண்டு வாத்தியக் குழு வரும். பர்டூ பேண்டின் பெரிய முரசு 1921 முதல் உருண்டுகொண்டிருக்கிறது. உலகத்திலேயே பெரியது என்பது எங்கள் கட்சி. டெக்சாஸ்காரர்கள் தங்களுடையதுதான் பெரியது என்கிறார்கள். சரி, அளந்து பார்த்துவிடலாமே என்றால், எங்கள் முரசின் சரியான அளவைப் பர்டூ வெளியே சொல்வதில்லை. முரசுக்கே இந்தப் பாடு என்றால் ஃபுட்பாலுக்குக் கேட்கவா வேண்டும்?

மூன்றாம் படி: யாரைப் பிடிக்கக் கூடாது

பாடமே இதுதான். இதில் அவசரப்படாதீர்கள்.

உங்கள் அணியின் பங்காளி யார், அவர்களோடு எந்தப் பொருளுக்காக ஆடுகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் என்றால் தங்கக் கோப்பை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கும் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மர வாளி. தெற்கு இந்தியானாவின் ஒரு பண்ணையில் பாசி பிடித்துக் கிடந்ததை எடுத்துவந்து 1925ல் பரிசாக்கினார்கள். அதில் ஒரு சங்கிலி தொங்கும். ஒவ்வொரு வருஷமும் பர்டூ ஜெயித்தால் 'பி' எழுத்தும், இந்தியானா ஜெயித்தால் 'ஐ' எழுத்தும் வெண்கலத்தில் செய்து சங்கிலியில் கோப்பார்கள். முதல் வருஷ ஆட்டம் 0-0. ஆளே ஜெயிக்காததால் முதல் கண்ணியில் 'ஐ', 'பி' இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அவை ஒட்டியது அபூர்வம்.

இந்தியானாவைப் பற்றி வயிற்றெரிச்சல் இல்லாமல் எழுத முயல்கிறேன். 2024 சீசன் தொடங்கும்போது, மேல்மட்ட ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சேர்த்து வைத்திருந்த அணி அது. எழுநூறுக்கும் மேல். எங்கள் அணி எவ்வளவு கேவலமாக ஆடினாலும் தெற்கே திரும்பிப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வோம். அப்புறம் கர்ட் சிக்னெட்டி என்று ஒரு கோச் வந்தார். நல்ல ஆட்டக்காரர்களை எப்படி இங்கே வரவழைப்பீர்கள் என்று கேட்டதற்கு, நான் ஜெயிப்பவன், வேண்டுமானால் கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். சிரித்தோம். அந்த வருஷமே 11 ஆட்டம் ஜெயித்தார். அதில் ஒன்றில் எங்களை 66-0 என்று அடித்தார். அடுத்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 2026 ஜனவரியில் தேசிய சாம்பியன். சங்கிலியில் 'பி' எழுத்துத்தான் இன்னும் அதிகம் என்று நாங்கள் எண்ணிக் காட்டிக்கொண்டிருக்கிறோம். கேட்க ஆள்தான் இல்லை.

இனி பெரிய வீட்டுப் பங்காளிகள். மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட். நவம்பர் கடைசிச் சனிக்கிழமையை ஒட்டி, தேங்க்ஸ்கிவிங் முடிந்த கையோடு மோதுவார்கள். இந்தச் சண்டைக்கு ஃபுட்பாலைவிட வயது அதிகம். 1835ல் டொலீடோ நகரம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு படை திரட்டினார்கள். பெரிய ரத்தக்களறி ஒன்றும் இல்லை. மிச்சிகன் பக்கத்து ஷெரிஃபின் உதவியாளர் ஒருவருக்குப் பேனாக்கத்திக் குத்து விழுந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். டொலீடோ ஒஹையோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு வடக்கே காடும் தாமிரமும் நிறைந்த பெரும் நிலப்பகுதி கிடைத்தது. லாபம் யாருக்கு என்பதை வரைபடம் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

கொலம்பஸில் அந்த வாரம் பல்கலைக்கழக வளாகம் முழுக்க, பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடத்தில் எல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்திருப்பார்கள். மிச்சிகன் என்ற பெயரையே தீவிர ரசிகர்கள் உச்சரிப்பதில்லை. "வடக்கே இருக்கும் அந்த அணி", அவ்வளவுதான். இந்த வழக்கத்துக்கு மூலபுருஷர் ஒஹையோ ஸ்டேட் கோச் வுடி ஹேஸ். 1968 ஆட்டத்தில் 50-14 என்று முன்னால் இருக்கும்போதும் கூடுதலாக 2 புள்ளிக்கு முயன்றார். எதற்கு என்று கேட்டால், "மூன்றுக்கு முயல விதியில் இடமில்லையே" என்றாராம். மறு வருஷமே பலன் வந்தது. அவரிடமே ஆடி, அவரிடமே உதவி கோச்சாக இருந்த போ ஷெம்பெக்லர் மிச்சிகனுக்குப் பொறுப்பேற்று, முதலிடத்தில் இருந்த குருவின் அணியை 24-12 என்று வீழ்த்தினார். பத்து வருஷம் இருவரும் மோதினார்கள்: சிஷ்யருக்கு ஐந்து, குருவுக்கு நான்கு, ஒன்று சமம்.

2024ல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட்டை அவர்கள் வீட்டிலேயே 13-10 என்று தோற்கடித்தது. மைதானத்தின் நடுவே கொடி நட முயன்றதில் கைகலப்பு; போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்துப் பிரித்தது. அதே ஒஹையோ ஸ்டேட்தான் ஏழு வாரத்தில் தேசிய சாம்பியன் ஆனது. ஆனாலும் அங்கே ரசிகர்களில் பலருக்கு அந்த வருஷம் முழுத் திருப்தி இல்லை. நாட்டையே ஜெயித்தாலும் பங்காளியிடம் தோற்றது உறுத்தும். இது புரிந்துவிட்டால் உங்களுக்குப் பாதிக் கல்லூரி ஃபுட்பால் தெரியும்.

மீதிப் பாதிக்கு அலபாமா மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே என்எஃப்எல் அணி கிடையாது. ஆகவே மாநிலத்தின் மொத்தக் கோபமும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே தேங்கிவிட்டது: அலபாமா, ஆபர்ன். 1907க்குப் பிறகு 1948 வரை இரண்டும் ஆடவே இல்லை, அவ்வளவு மனஸ்தாபம். 2013 ஆட்டம் 28-28. ஒரே ஒரு விநாடி பாக்கி. அந்த ஒரு விநாடியையும் வாதாடி வாங்கியது அலபாமா கோச் நிக் சேபன்தான். 57 கெஜத்திலிருந்து உதைத்தார்கள். பந்து குறைவாக விழுந்தது. எல்லைக்குள் பின்னால் நின்ற ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் முழு நீளமும் ஓடிவிட்டார். 34-28. யூடியூபில் பாருங்கள். அலபாமாக்காரர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்காதீர்கள்.

ஆபர்ன் ஜெயித்தால் டூமர்ஸ் கார்னர் என்ற முக்கில் உள்ள ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். 2010ல் 24-0 என்று பின்தங்கியிருந்து ஆபர்ன் 28-27 என்று ஜெயித்தது. அது பொறுக்காத அலபாமா ரசிகர் ஒருவர் அந்த மரங்களுக்குக் களைக்கொல்லி வைத்தார். வைத்ததோடு சும்மா இருந்தாரா, ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டுத் தானே பெருமையாகச் சொன்னார். சிறைக்குப் போனார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013ல் வெட்டி எடுத்தார்கள். இப்போது இருப்பவை புதிதாக நட்டவை. இந்தக் கதையை ஆபர்னில் சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

டெக்சாஸில் இருக்கிறீர்களா? அங்கே பங்காளிகள் இரண்டு பேர். அக்டோபரில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் டாலஸில், மாநிலப் பொருட்காட்சி நடக்கும் திடலுக்குள்ளேயே உள்ள காட்டன் பவுல் மைதானத்தில் மோதும். பார்வையாளர் இருக்கைகளை நடுக்கோட்டில் பிரித்து, ஒரு பாதி ஆரஞ்சு, மறு பாதி சிவப்பு. நவம்பரில் டெக்சாஸுக்கு எதிரி டெக்சாஸ் ஏ அண்ட் எம். நம் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கிற இடம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். 2011க்குப் பிறகு ஏ அண்ட் எம் வேறு கூட்டணிக்குப் போனதால் இந்த ஆட்டம் நின்றுபோய், 2024ல்தான் திரும்பி வந்தது. நடுவில் ஆடாத வருஷங்களிலும் ஏ அண்ட் எம் ரசிகர்கள் தோளோடு தோள் கோத்து ஆடிக்கொண்டு, டெக்சாஸ் அணியின் சின்னமான மாட்டின் கொம்பை அறுப்போம் என்று பாடுவதை நிறுத்தவில்லை. எதிரில் யார் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அங்கே மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டுதான் இருப்பார்கள். உட்கார நினைத்தால் டிவியில் பாருங்கள்.

சில்லறைப் பொருட்களையும் தெரிந்துவைத்துக்கொண்டால் மரியாதை கிடைக்கும். மின்னசோட்டாவும் மிச்சிகனும் ஒரு தண்ணீர்க் குடத்துக்காக ஆடுகின்றன. 1903ல் மிச்சிகன் அணிக்காக 30 சென்ட்டுக்கு வாங்கி, மறந்து விட்டுவிட்டுப் போனது. மின்னசோட்டாவும் அயோவாவும் ஆடுவது ஒரு வெண்கலப் பன்றிக்காக. அதன் பின்கதை சிரிப்பு இல்லை. 1934ல் அயோவாவின் கறுப்பின ஆட்டக்காரர் ஆசி சிம்மன்ஸை மின்னசோட்டா ஆட்டத்தில் மோசமாக அடித்தார்கள். மறு வருஷம் பதற்றம் கலவரமாகாமல் இருக்க, இரு மாநில ஆளுநர்களும் ஒரு நிஜப் பன்றியைப் பந்தயம் கட்டினார்கள்.

நான்காம் படி: கணக்கையும் பூகோளத்தையும் மறந்துவிடுங்கள்

அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டணிகளாகப் பிரிந்திருக்கும். பிக் டென்னில் 18 அணிகள். பிக் 12ல் 16. பசிபிக் கடலோரம் உள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலீஸின் இரண்டு அணிகளும் நியூஜெர்சியின் ரட்கர்ஸும் இப்போது ஒரே கூட்டணி. எல்லாம் டிவி பணம். வேறு காரணம் தேட வேண்டாம். ரட்கர்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: எடிசன் பக்கம் குடியேறியவர்களுக்கு அதுதான் உள்ளூர் அணி. கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டமே 1869 நவம்பர் 6ல் அங்கேதான். பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்தார்கள். அந்த வெற்றியைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சாம்பியன் யார் என்பதும் நீண்ட காலம் ஓட்டுப் போட்டு முடிவு செய்த விஷயம். 2014ல் நான்கு அணி பிளேஆஃப் வந்தது, 2024ல் அது பன்னிரண்டானது. நடுவில் 2023ல் ஃப்ளோரிடா ஸ்டேட் ஒரு தோல்விகூட இல்லாமல் தன் கூட்டணியை ஜெயித்தும் நான்கில் இடம் தரவில்லை. அந்த ஊரில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்க விஷயம் இல்லையென்றால் இதைக் கேளுங்கள். ஒரு மணி நேரம் போய்விடும்.

பணக் கதை இன்னும் விசேஷம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023ல் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப, ஒப்பந்தப்படி 7.5 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டியிருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்க வேண்டாம். பெரிய அணிகள் சின்ன அணிகளுக்குப் பணம் கொடுத்துக் கூட்டிவந்து அடிப்பதும் வழக்கம். 2007ல் மிச்சிகன் அப்படித்தான் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தது. 34-32 என்று தோற்றது.

ஐந்தாம் படி: மைதானத்துக்குப் போவது

மாணவர் டிக்கெட் வெளியார் விலையைவிட மிகவும் குறைவு. கோடையிலேயே விற்பனை தொடங்கிவிடும், மின்னஞ்சலைப் பாருங்கள். முதுகுப் பையை வீட்டில் வையுங்கள். பெரும்பாலான மைதானங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி. எதிரணி நிறத்தில் சட்டை வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரே ஸ்வெட்டர், அது ஒஹையோ ஸ்டேட் சிவப்பு, ஊர் மிச்சிகனின் ஆன் ஆர்பர் என்றால், இன்னொன்று வாங்குங்கள். இருக்கை என்பது அலுமினியப் பலகை; நவம்பரில் அதன் குளிர் ஜீன்ஸைத் தாண்டி ஏறும். மடித்த போர்வை ஒன்று கொண்டுபோனால் பக்கத்து இருக்கைக்காரர் நண்பராகிவிடுவார்.

ஆட்டத்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். இதுதான் டெயில்கேட். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். கூப்பிடாவிட்டாலும் சரியான நிறச் சட்டையோடு அந்தப் பக்கம் நடந்தால் யாராவது ஒரு தட்டை நீட்டுவார்கள். சைவம் என்றால் சிப்ஸும் பன்னும்தான் மிஞ்சும். முந்தின இரவே பன்னீரைத் தயிர் மசாலாவில் ஊறவைத்து, கம்பியில் குத்தி எடுத்துப் போங்கள். கரி அடுப்பில் ஒரு ஓரம் ஒதுக்கித் தருவார்கள். அடுத்த வாரம் நீங்கள் வருவீர்களா என்பதைவிட அது வருமா என்றுதான் கேட்பார்கள்.

கத்த வேண்டியதைப் பழகிக்கொள்ளுங்கள். ஒஹையோ ஸ்டேட்டில் "ஓ-ஹெச்" என்று யாராவது கத்தினால் "ஐ-ஓ" என்பது பதில். அலபாமாவில் "ரோல் டைட்", ஆபர்னில் "வார் ஈகிள்". ஏ அண்ட் எம்மில் "ஹவுடி" வணக்கத்துக்கு, "கிக் எம்" (Gig 'em) மீதி எல்லாவற்றுக்கும். எங்கள் ஊரில் "பாய்லர் அப்" என்றால் "ஹாமர் டவுன்". அர்த்தம் கேட்காதீர்கள்.

ஜெயித்தால் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கும். 2024 அக்டோபரில் வாண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று ஜெயித்ததும், மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் கடைவீதி வழியே தூக்கிப்போய்க் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். வேடிக்கை பாருங்கள். விசாவில் இருப்பவர்கள் கம்பத்தில் கை வைக்க வேண்டாம்.

திங்கட்கிழமைக்கு ஒரு குறிப்பு: பேராசிரியரோ மேனேஜரோ தோற்ற அணியின் ஆள் என்றால், வெறும் விளையாட்டுத்தானே என்று மட்டும் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். நடுவரைத் திட்டுங்கள். எந்த முடிவு தவறு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவரே எடுத்துக் கொடுப்பார்.

கடைசியாக ஜெர்சி. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விற்றுச் சம்பாதிக்கலாம். இப்போது கல்லூரிகளே நேரடியாகவும் பணம் தருகின்றன. சீசன் முடிந்ததும், அணி மாற விரும்புகிறவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுவிட்டு அதிகம் தருகிற இடத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் ஆசையாகப் பெயர் பொறித்துச் சட்டை வாங்கிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) அடுத்த செப்டம்பரில் பங்காளி வீட்டுச் சட்டையில் நிற்கலாம். ஆகவே எண் மட்டும் போட்ட, பெயர் இல்லாத ஜெர்சியாகப் பார்த்து வாங்குங்கள். ஜனவரியில் வாங்கினால் பாதி விலை.